நாய் ஜெர்க்கி, சூயிங் போன், கிப்பிள்: கெட்டது என்று சந்தேகம் வந்தால் சென்னையில் யாரிடம் போவது?

#1 கீழ்ப்பாக்கம்_ப்ரூனோ

மழை ஆரம்பித்தாலே இந்தக் குழுவில் ஒரே மாதிரி கேள்விகள் குவிகின்றன. ஜெர்க்கி (உலர்த்திய கறித் துண்டு) கொடுத்த மறுநாள் வாந்தி, கிப்பிள் (உலர்ந்த உருண்டைத் தீவனம்) மூட்டையைப் பிரித்ததும் பூஞ்சை வாடை, சூயிங் போனை (நாய் கடிப்பதற்காகத் தோலில் செய்த எலும்பு) கடித்த பிறகு வாய் எரிச்சல். கடைசியில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: யாரிடம் சொல்வது? பதில்கள் பத்து இடத்தில் சிதறிக் கிடக்கின்றன, அதனால் இந்த இழை. விஷயம் தெரிந்தவர்கள் அவரவர் துறையில் இருந்து எழுதுங்கள்.

முதலில் லேபிள். பல பாக்கெட்டுகளில் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்புத் துறை) தரும் 14 இலக்க உரிம எண் அச்சாகி இருக்கிறது. அதைப் பார்த்து அரசு சோதித்த பொருள் என்று நம்பி வாங்குகிறார்கள். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், 'உணவு' என்றால் என்ன என்று சொல்லும் 3(1)(ஜே) பிரிவிலேயே விலங்குத் தீவனத்தை வெளியே வைத்துவிட்டது. நாய்க்கான ஜெர்க்கியை அந்தத் துறை அதிகாரி மாதிரி எடுத்து வழக்குப் போட அந்தச் சட்டத்தில் வழியில்லை. ஆகவே ட்ரீட் பாக்கெட்டில் அந்த எண் இருப்பதால் நாய்க்கு எந்தப் பாதுகாப்பும் கூடுவதில்லை.

பிஐஎஸ் (இந்தியத் தரநிர்ணய அமைப்பு) வைத்திருக்கும் ஐஎஸ் 11968 என்ற தரநிர்ணயம் நாய், பூனை உணவுக்கானது. ஆனால் கட்டாயமில்லை, விரும்பினால் பின்பற்றலாம். எடையளவுத் துறையின் 2011 பொட்டலப் பொருள் விதிகள் மட்டும் கட்டாயம்: தயாரிப்பாளர் அல்லது பொட்டலமிட்டவர் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், விலை, புகார் தொடர்பு, இறக்குமதி என்றால் எந்த நாடு. உள்ளே இருப்பது விஷமா என்று பார்ப்பது அந்தத் துறையின் வேலை இல்லை.

வெளிநாட்டில் இருந்து வருவதற்கு ஒரு வாசல் இருக்கிறது. 1898-ம் ஆண்டு கால்நடை இறக்குமதிச் சட்டத்தின் கீழ் மத்திய கால்நடைத் துறையிடம் சுகாதார இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். சென்னைத் துறைமுகம், விமான நிலையம் வழியாக வருவதைப் பள்ளிக்கரணையில் உள்ள விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையம் பார்க்கிறது. பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து இன்ஸ்டாகிராமில் விற்பவை இந்த வாசலைத் தொடுவதே இல்லை.

#2 நோயியல்_மேசை

கால்நடை மருத்துவர் என்ற முறையில் எழுதுகிறேன். ட்ரீட்டால் வரும் பாதிப்பு எல்லாமே 'ஃபுட் பாய்சன்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுவதுதான் முதல் சிக்கல். மூன்று வகையைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்.

ஒன்று, கிருமி. சால்மோனெல்லா வந்தால் காய்ச்சல், பேதி, சில சமயம் ரத்தம். வளர்ந்த நாய் எந்த அறிகுறியும் காட்டாமல் மலத்தில் கிருமியை வெளியேற்றிக்கொண்டே இருக்கலாம். அமெரிக்காவில் 2019-ல் காய்ந்த பன்றிக் காது ட்ரீட்டால் நோய்வாய்ப்பட்டவர்கள் 150 பேருக்கு மேல், எல்லோரும் மனிதர்கள். ட்ரீட்டைத் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவாமல் குழந்தைக்கு ஊட்டக் கூடாது.

இரண்டு, அஃப்ளடாக்சின். மக்காச்சோளம், கடலைப் பிண்ணாக்கு போன்றவற்றில் வளரும் பூஞ்சை விடும் நஞ்சு. இது கல்லீரலைத் தாக்கும். முதலில் தீனி வேண்டாம் என்று ஒதுங்கும், பிறகு வாந்தி, ஈறும் கண் வெள்ளையும் மஞ்சளாகும், சிறுநீர் அடர்நிறமாகும், ஊசி போட்ட இடத்தில் ரத்தம் நிற்காது. சமைத்தாலும் வறுத்தாலும் இந்த நஞ்சு போகாது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஸ்போர்ட்மிக்ஸ் கிப்பிள் திரும்பப் பெறப்பட்டது இதனால்தான். 100-க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகப் புகார்கள் பதிவாகின.

மூன்று, சிறுநீரகக் குழாய் பாதிப்பு. ஜெர்க்கி விஷயத்தில் இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். நாய் தண்ணீர் அதிகம் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், சோர்ந்து படுக்கும். சிறுநீரில் சர்க்கரை இருக்கும், சர்க்கரை நோயோ என்று தோன்றும். உடனே குளுக்கோமீட்டரில் ரத்தச் சர்க்கரை பாருங்கள். நாயின் ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மி.கி.-யைத் தாண்டினால்தான் சிறுநீருக்கு வழியும். ரத்தத்தில் 90, 100 என்று இருக்கும்போது சிறுநீர்ப் பட்டையில் (சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைத் தாள்) சர்க்கரைக் கட்டம் நிறம் மாறினால் சிறுநீரகக் குழாய் பழுதாகியிருக்கிறது. ஃபான்கோனி மாதிரியான நிலை என்று இதைச் சொல்வார்கள். அந்த நாளே ட்ரீட்டை நிறுத்தி, கிரியேட்டினின், பொட்டாசியம், பைகார்பனேட் பார்க்கச் சொல்லுங்கள். பட்டை விலை அதிகமில்லை, கிளினிக்கிலேயே 1 நிமிடத்தில் முடியும்.

மருத்துவச் சீட்டில் 'வாந்தி, பேதி' என்று மட்டும் எழுதி வாங்கி வராதீர்கள். என்ன ட்ரீட், எந்த பேட்ச், எத்தனை கிராம், கொடுத்து எத்தனை மணி நேரத்தில் அறிகுறி என்பதையும் எழுதச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். பின்னால் சட்டத்துக்குப் போனால் அந்த வரிதான் நிற்கும்.

#3 அண்ணாநகர்_பெட்ஷாப்

டாக்டர், ஒரு சந்தேகம். கடையில ஜாடில வெச்சு லூஸா விக்கிற ஜெர்க்கி, கோழிக்கால், வெள்ளை சூயிங் ஸ்டிக் எல்லாத்துக்கும் பேட்ச் நம்பரே கிடையாது. மொத்த வியாபாரி 5 கிலோ கவர்ல தர்றார், அதுலயும் ஒண்ணும் எழுதியிருக்காது. கஸ்டமர் 50 ரூபாய்க்குக் கேக்கறாங்க, நாங்க எடை போட்டுத் தர்றோம். இதுல பிரச்சினை வந்தா பொறுப்பு யாருது?

#4 மனு_எழுதுபவர்

பெட்ஷாப் சார், பொறுப்பு உங்களுடையது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தயாரிப்புப் பொறுப்பு என்று ஒரு தனி அத்தியாயம் சேர்த்தார்கள். அதில் 86-வது பிரிவு விற்பவரைப் பற்றியது. தயாரித்தவர் யாரென்று தெரியாத பொருளை விற்றால், தயாரித்தவர் இடத்தில் விற்றவரே நிற்க வேண்டும். பேர் ஊர் இல்லாத 5 கிலோ கவர் உங்கள் கடைக்குள் வந்ததும் நீங்கள் அந்த நிலைக்கு வந்துவிடுகிறீர்கள். அதையே 100 கிராம் கவரில் போட்டு ஒட்டி வைத்தால் பொட்டலமிட்டவர் என்ற பதிவும் லேபிளும் உங்கள் பெயரில் தேவை.

வாங்குபவர்களுக்கு: சட்டத்தின் கண்ணில் வளர்ப்புப் பிராணி உங்கள் சொத்து. கேட்பதற்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் இந்த இடத்தில் அது உதவுகிறது. குறையுள்ள பொருளால் 'வேறு சொத்துக்கு' ஏற்பட்ட சேதத்துக்கு இழப்பீடு கேட்கலாம், சிகிச்சைச் செலவு அதில் அடங்கும் என்று வாதிட இடம் இருக்கிறது.

செலவை நினைத்துப் பயப்படாதீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கணக்கிடுவது நீங்கள் கொடுத்த விலையை வைத்து, கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை. 300 ரூபாய் ஜெர்க்கிக்கு நீங்கள் ஒரு பைசாவும் கட்டாமல் மனு போடலாம். இ-ஜாக்ரிதி என்ற அரசின் நுகர்வோர் வழக்குத் தளத்தில் வீட்டில் இருந்தே பதியலாம். சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். சோதனை தேவை என்று ஆணையம் கருதினால் மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும், 45 நாளில் அறிக்கை கேட்கும். சோதனைக் கட்டணத்தை மட்டும் மனுதாரர் முன்பணமாகக் கட்ட வேண்டி வரும்.

#5 ராணிப்பேட்டை_க்யூசி

சூயிங் போன் பற்றி நான் சொல்கிறேன். நம் பக்கம் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலோடு சேர்ந்த பொருள் இது.

பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போட்டு முடியைக் கழற்றுவோம். அப்போது பிஎச் 12-க்கு மேல் இருக்கும். பிறகு தோலை இரண்டாகச் சீவினால் மேல் அடுக்கு செருப்புக்கும் பைக்கும் போகிறது. கீழ் அடுக்கு, ஸ்ப்ளிட், நாய்க்கான சூயிங் போன் ஆகிறது. சுண்ணாம்பை நன்றாக நீக்கி, பலமுறை கழுவி, ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்து, முடிச்சுப் போட்டுக் காயவைக்க வேண்டும். கழுவுவதில் தண்ணீரை மிச்சம் பிடித்தால் காரம் உள்ளே தங்கிவிடும். வாய் எரிச்சல் என்று ப்ரூனோ எழுதியது பெரும்பாலும் இதுவாக இருக்கும். வீட்டில் பார்க்க: சிறு துண்டை 10 மடங்கு குடிநீரில் இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் பிஎச் பட்டையை நனையுங்கள். வெறும் தண்ணீரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். 9-ஐத் தாண்டினால் அந்தப் பொருள் வேண்டாம்.

இதைவிட எனக்குக் கவலை தருவது குரோம் ஏறிய ஸ்ப்ளிட். சீவுவதைச் சுண்ணாம்புக் கட்டத்தில் செய்யாமல் குரோம் பதனிட்ட பிறகு செய்தால் கிடைக்கும் கீழ் அடுக்கு வெளிர் நீலமாக இருக்கும், வெட் ப்ளூ என்போம். அது தோல் பொருளுக்கு மட்டுமே உரியது. அதை வெளுத்து, சாயம் ஏற்றி விற்றால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வெந்நீர் காட்டிக் கொடுத்துவிடும். ரிப்பன் மாதிரி ஒரு துண்டு வெட்டி, ஊறவைத்து, கொதிக்கிற நீரில் 2 நிமிடம் போடுங்கள். பதனிடாத தோல் 60, 65 டிகிரியிலேயே சுருங்கத் தொடங்கும், கொதிநீரில் சுருண்டு பாதிக்குப் பாதி ஆகி, பசை மாதிரி கொழகொழப்பாகும். குரோம் ஏறியது அப்படியே நிற்கும். நின்றால் நாய்க்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், வெட்டிய ஓரத்தில் நீலச் சாயல் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

ஐரோப்பாவுக்கு அனுப்பும் சரக்குக்கு 5 மாதிரி எடுத்து, ஒவ்வொன்றிலும் 25 கிராமில் சால்மோனெல்லா ஒன்றுகூட இருக்கக் கூடாது. என்டரோபாக்டீரியா (குடல்வகைக் கிருமிகள்) 1 கிராமுக்கு 300-ஐத் தாண்டக் கூடாது, 5-ல் 2 மாதிரி மட்டும் 10-க்கும் 300-க்கும் இடையில் இருக்கலாம். தொழிற்சாலைக்கு கேப்பெக்ஸில் என்ற ஏற்றுமதி மேம்பாட்டு அமைப்பு வழியாக அனுமதி வேண்டும். உள்ளூர்ச் சந்தைக்குப் போவதில் இந்தச் சோதனை எதுவும் கட்டாயமில்லை. கடைக்காரர்கள் சப்ளையரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ஏற்றுமதி பேட்ச் அறிக்கை இருக்கிறதா, அந்த பேட்ச் எண் இந்த மூட்டையில் இருக்கிறதா?

இறக்குமதி என்பதாலேயே நம்பிவிடவும் வேண்டாம். 2017-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனம் தன் ரா-ஹைட் (பதனிடாத தோல்) சூயிங்குகளைத் திரும்பப் பெற்றது. கருவிகளைச் சுத்தம் செய்யும் குவாட்டர்னரி அமோனியம் கலவையை லத்தீன் அமெரிக்க ஆலைகளில் தோல் பதப்படுத்தவே பயன்படுத்தியிருந்தார்கள்.

#6 பெரம்பூர்_மார்ஜாரம்

சட்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற தொனி தெரிகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்காவில் எஃப்டிஏ (உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை) 2007 முதல் ஜெர்க்கி புகார்களை ஆராய்ந்தது. 2015 முடிவில் சுமார் 5,200 புகார், 6,200-க்கும் மேல் நாய்கள், 1,140-க்கும் மேல் இறப்பு. இத்தனைக்குப் பிறகும் காரணம் இதுதான் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. சீனாவில் இருந்து வந்த சிக்கன் ஜெர்க்கியோடு தொடர்பு தெரிந்தது, அவ்வளவுதான். பெரிய பிராண்டுகள் 2013 ஜனவரியில் அலமாரியை விட்டு இறங்கியதும் நியூயார்க் மாநில வேளாண் துறை ஆன்டிபயாடிக் எச்சம் கண்டுபிடித்ததால்தான். அந்த எச்சத்தால்தான் நாய்கள் இறந்தன என்று நிரூபணம் ஆகவில்லை.

#7 நோயியல்_மேசை

நீங்கள் சொல்லும் எண்கள் சரி. ஆனால் அந்த எண்கள் உங்கள் கையில் எப்படி வந்தன என்று யோசியுங்கள். எல்லாப் புகாரும் ஒரே படிவத்தில், ஒரே இடத்துக்குப் போனது. அதனால்தான் சுமார் 60 சதவீதம் வயிறு, கல்லீரல் சார்ந்தது, 30 சதவீதம் சிறுநீரகம் சார்ந்தது என்று பிரிக்க முடிந்தது. சர்க்கரை நோய் இல்லாத நாயின் சிறுநீரில் சர்க்கரை என்ற அடையாளம் பல ஊர் டாக்டர்களின் புகார்கள் ஒன்றாகச் சேர்ந்ததால் வெளிப்பட்டது. அதைப் படித்துத்தான் இன்று நாம் சிறுநீர்ப் பட்டை போட்டுப் பார்க்கிறோம்.

சென்னையில் அடையாறில் ஒரு நாய், அம்பத்தூரில் ஒரு நாய், தாம்பரத்தில் ஒரு நாய் ஒரே பேட்ச் சாப்பிட்டு விழுந்தாலும் மூன்று கிளினிக்கும் ஒன்றையொன்று அறியாது. எண்ணி வைக்க ஓர் இடம் இல்லை. என்னைப் பொறுத்தவரை இங்கே முதலில் வேண்டியது அதுதான், தண்டனைப் பிரிவுகள் பிறகு வரட்டும்.

#8 தீவன_லேப்

டாக்டர் சொன்னதை ஆய்வக மேசையில் இருந்து வழிமொழிகிறேன். ஒரு சேர்க்கை: எண் இருந்தாலும் தவறான சோதனை செய்தால் ஏமாறுவோம். 2007-ல் மெனு ஃபுட்ஸ் என்ற செல்லப்பிராணி உணவு நிறுவனத்தின் விவகாரத்தில் கோதுமை குளூட்டனில் (கோதுமைப் புரதம்) மெலமைன் என்ற பிளாஸ்டிக் ரசாயனம் கலந்தது அப்படித்தான் தப்பியது. புரதத்தை நாம் நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறோம். மெலமைனில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன், ஆகவே 1 சதவீதம் கலந்தால் அறிக்கையில் புரதம் 4 சதவீதம் கூடித் தெரியும். அது சயனூரிக் அமிலத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமானது.

ஆகவே ஆய்வகத்துக்கு வந்து 'விஷம் இருக்கா பாருங்க' என்று கேட்டால் பயனில்லை. எதைத் தேட வேண்டும் என்று நீங்கள் எழுதித் தர வேண்டும். கிப்பிள் சாப்பிட்டு மஞ்சள் காமாலை என்றால் அஃப்ளடாக்சின் பி1, பி2, ஜி1, ஜி2. அமெரிக்காவில் செல்லப்பிராணி உணவுக்கு நடவடிக்கை எல்லை 20 பிபிபி (நூறு கோடியில் 20 பங்கு), ஒப்பிட அதை வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்க்கி சாப்பிட்டு ரத்தபேதி என்றால் சால்மோனெல்லாவும் நீர்ச் செயல்பாடும் (கிருமி வளர எவ்வளவு ஈரம் கிடைக்கிறது என்பதன் அளவு, 0 முதல் 1 வரை). சிறுநீரகம் என்றால் ஆன்டிபயாடிக் எச்சம், கிளிசரின் சேர்த்த மென்மையான ட்ரீட்டாக இருந்தால் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுக் கலப்படமும். சூயிங் போன் என்றால் பிஎச், குரோமியம்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு நாமக்கல் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது, மாதவரம் பால் பண்ணையில் தீவன, உணவுப் பாதுகாப்புக்கான ஆய்வகமும் இருக்கிறது. எடுத்துப் போகும் முன் அழைத்து, தேவையான சோதனை செய்கிறார்களா, எத்தனை கிராம் வேண்டும், கட்டணம் என்ன என்று கேட்டுவிடுங்கள்.

மாதிரி எடுப்பதில்தான் பாதி வழக்கு தோற்கிறது. பூஞ்சை நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவாது, ஒரு மூலையில் திரண்டிருக்கும். மேலே கிடக்கும் ஒரு பிடியை அள்ளி வராதீர்கள். மூட்டையில் மேல், நடு, அடி என்று 6, 7 இடத்தில் எடுத்து அரை கிலோவாவது சேருங்கள். கிருமிச் சோதனைக்கு முதலில், கை படாமல், கொதிநீரில் முக்கி ஆறிய கரண்டியால் 100 கிராம் தனியாக. உலர்ந்த பொருளைக் காற்றுப் புகாத கவரில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். பாக்கெட்டைத் தூக்கி எறியவே கூடாது. முடிந்தால் அதே கடையில் அதே பேட்சில் பிரிக்காத பாக்கெட் 2 வாங்கி, பில்லோடு வையுங்கள். பிரித்த பாக்கெட்டில் கிருமி வந்தால் உங்கள் வீட்டில் வந்தது என்பார்கள்.

#9 அண்ணாநகர்_பெட்ஷாப்

சரி சார், லூஸ் ஜாடியை எடுத்துடறேன். ஸ்டாக் வெக்கறதுல என்ன பாக்கணும்? சில பேர் வீட்லயே செஞ்சு எங்ககிட்ட குடுக்கறாங்க, அதுக்கும் சொல்லுங்க.

#10 தீவன_லேப்

காய்ந்திருக்கிறதா என்பதைக் கை சொல்லாது, நீர்ச் செயல்பாடுதான் சொல்லும். 0.85-க்குக் கீழே நோய்க் கிருமிகள் வளராது, ஆனால் பூஞ்சை வளரும். 0.65-க்குக் கீழே வந்தால்தான் பெரும்பாலான பூஞ்சையும் அடங்கும். காலையில் 0.60-ல் பாக் செய்த ஜெர்க்கி, ஐப்பசி மழையில் மூடி திறந்து திறந்து மூடும் ஜாடியில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சின்னப் பாக்கெட், வெப்பத்தால் ஒட்டிய வாய், உள்ளே ஈரம் உறிஞ்சும் பை. கிப்பிள் மூட்டையை சிமென்ட் தரையில் நேராக வைக்காதீர்கள், பலகை போட்டு, சுவரில் இருந்து ஓர் அடி தள்ளி. வாங்குபவர்கள் டிரம்மில் கொட்டாமல் மூட்டையோடு டிரம்முக்குள் வையுங்கள், பேட்ச் எண்ணும் தப்பிக்கும்.

வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் மொட்டைமாடி வெயிலில் அல்லது 60 டிகிரி டிரையரில் பச்சைக் கறியை நேரே போடுகிறார்கள். ஈரம் குறையக் குறைய சால்மோனெல்லா சூட்டைத் தாங்கப் பழகிவிடும், பிறகு அதே சூடு அதைக் கொல்லாது. முதலில் ஈரத்தோடு ஆவியில் வேகவைத்து, தடிமனான துண்டின் நடுவில் 74 டிகிரி வந்ததை முள் தெர்மாமீட்டரில் பாருங்கள். அதற்குப் பிறகு 55 முதல் 60 டிகிரியில் உலர்த்துங்கள். துண்டு 5 மி.மீ.-க்கு மேல் வேண்டாம். உப்பு, பூண்டு, வெங்காயம் வேண்டாம். பச்சைக் கறி வைத்த தட்டில் வெந்ததை வைக்க வேண்டாம்.

#11 நோயியல்_மேசை

அளவையும் சேர்த்துவிடுகிறேன். 10 கிலோ நாய்க்கு நாளுக்குச் சுமார் 600 கலோரி. ட்ரீட் அதில் பத்தில் ஒன்று, காய்ந்த சிக்கன் என்றால் 15 முதல் 20 கிராம். சின்ன இன நாய்களுக்குக் கண்மூடித்தனமாகக் கொடுக்கிறோம், ஜெர்க்கி பாதிப்பில் அவை நிறைய இருந்தன. பூனை வைத்திருப்பவர்கள் மென்மையான நாய் ட்ரீட்டைப் பூனைக்குக் கொடுக்காதீர்கள். அவற்றை மென்மையாக வைக்கச் சேர்க்கக்கூடிய புரொப்பிலீன் கிளைக்கால் பூனையின் சிவப்பணுக்களைச் சேதப்படுத்தும்.

நாய் இறந்துவிட்டால் உடற்கூறாய்வு வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள். வேப்பேரி மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியில் முதலில் அழைத்துக் கேளுங்கள். உடலை ஃப்ரீசரில் வைத்தால் திசு சிதைந்துவிடும். ஐஸ் பைகளைத் துணியில் சுற்றி வைத்து, கூடிய சீக்கிரம் கொண்டு போங்கள். சிறுநீரகம், கல்லீரல் துண்டுகள் 1 செ.மீ.-க்குள் வெட்டி 10 மடங்கு ஃபார்மலினில், அதே உறுப்புகளும் வயிற்றில் இருப்பதும் நஞ்சுச் சோதனைக்கு உறைநிலையில். இரண்டும் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

#12 மனு_எழுதுபவர்

எண்ணி வைக்க இடமில்லை என்று டாக்டர் சொன்னதற்கு, இருக்கும் சட்டத்திலேயே ஒரு கதவு உண்டு. நுகர்வோர் சட்டத்தின் 17-வது பிரிவில் ஒரு வகை நுகர்வோர் அனைவரையும் பாதிக்கும் விஷயத்தை மாவட்ட ஆட்சியரிடமோ மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடமோ எழுத்தில் புகார் செய்யலாம். 16-வது பிரிவில் ஆட்சியர் விசாரித்து அறிக்கை அனுப்பலாம். 20-வது பிரிவில் ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற அந்த ஆணையம் உத்தரவிடலாம். நாய் உணவு என்று தனியே எழுதவில்லை, விலக்கவும் இல்லை. அமெரிக்காவிலும் கட்டாயத் திரும்பப் பெறும் அதிகாரம் எஃப்டிஏ-வுக்கு 2011 சட்டத்தில்தான் வந்தது.

ஒரே ஆள் போட்டால் தனிமனிதத் தகராறு என்று 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குத் தள்ளிவிடுவார்கள். ஒரே பேட்சில் 3, 4 வீடு சேர்ந்து, டாக்டர் சீட்டு, பில், லேபிளின் ஆறு பக்கப் படம், கிடைத்தால் ஆய்வறிக்கை வைத்து ஒரே மனுவாகப் போடுங்கள். இறக்குமதிப் பொருள் என்றால் அனுமதி எண், வந்த நாள், மாதிரி எடுத்தார்களா என்று மத்திய கால்நடைத் துறைக்கு 10 ரூபாயில் தகவல் உரிமை மனு அனுப்புங்கள். இறக்குமதியாளரின் ஸ்டிக்கர் அசல் பேட்ச் எண்ணை மறைத்திருந்தால் பிய்க்காமல் முதலில் படம் எடுங்கள். அந்த எண்ணை எஃப்டிஏ திரும்பப் பெறும் பட்டியலில் ஒப்பிட வேண்டும்.

#13 கீழ்ப்பாக்கம்_ப்ரூனோ

இழையின் மேலே ஒரு படிவம் ஒட்டுகிறேன்: பொருள் பெயர், பேட்ச், தயாரித்த மாதம், கடை இருக்கும் பகுதி, நாயின் எடை, கொடுத்த கிராம், அறிகுறி வந்த நேரம், சிறுநீர்ச் சர்க்கரை, ரத்தச் சர்க்கரை, மீதப் பொருள் கையில் இருக்கிறதா. கடை பெயரையும் பிராண்டு பெயரையும் பொதுவில் எழுதாமல் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஒரே பேட்ச் மூன்று வந்தால் மூவரையும் இணைத்து வைக்கிறேன்.

#14 அண்ணாநகர்_பெட்ஷாப்

அப்படி ஒரு பேட்ச் தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க, அன்னைக்கே அலமாரியில இருந்து எடுத்துடறேன். டிஸ்ட்ரிபியூட்டர் திருப்பி எடுக்க மாட்டேன்னா என்ன பண்றது?

#15 மனு_எழுதுபவர்

பேட்ச் எண், கையிருப்பு எத்தனை பாக்கெட், புகார் என்ன என்று அவருக்கும் தயாரிப்பாளருக்கும் அன்றே மின்னஞ்சல் போடுங்கள், வாட்ஸப் போதாது. பாக்கெட்டுகளை விற்பனைக்கு அல்ல என்று எழுதிய பெட்டியில் தனியே பூட்டி வையுங்கள், அழிக்காதீர்கள். ஆபத்து தெரிந்த பிறகும் விற்றால் 86-வது பிரிவில் உங்கள் நிலை மோசமாகும். தெரிந்த அன்றே நிறுத்தினீர்கள் என்பதற்கு அந்த மின்னஞ்சலின் தேதிதான் சாட்சி.